மேலே யார் இருக்கிறார்கள்?

திருப்பூர்க்காரர் ஒருவர் குளிர்காய அடுப்பு வாங்குகிறார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

மே மாதம் மத்தியானம் அவிநாசி ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் அடுப்பு எதற்குத் தனியாக? ஊரே அடுப்புதான். ஆனால், போனில் நண்பன் ரொம்ப சீரியஸாக இருந்தான். "மாப்ள, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? கணப்பு அடுப்பு விக்கிறவர் வர்றாரு. நீ கூட இருந்தா நல்லாருக்கும். எனக்குக் கணக்கு வராது."

கணக்கு வராதாம்! என்னோடு பி.காம். படித்தவன். நான் பேனா பிடித்தேன், அவன் பனியன் கம்பெனி வைத்தான். கணக்கு யாருக்கு வந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதை இதுதான். கொரோனா ஓய்ந்த பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை வாங்கிப் போட்டான். ஓட்டுக் கூரை, மரத்தரை, கூடத்தில் செங்கல் வைத்துக் கட்டிய கணப்பு. வெள்ளைக்காரன் காலத்துப் பாணி. பல வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பையர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறான். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விறகு எரிகிறது. புகை இல்லை, வாசம் இல்லை, சாம்பல் பறக்கவில்லை. 'நமக்கும் ஒரு நாள்' என்று அன்றைக்கே மனசில் ஒரு பிட்டைப் போட்டு வைத்திருக்கிறான்.

ஆனால், கோத்தகிரியில் முதல் ராத்திரி நடந்தது வேறு. கணப்பில் நெருப்பு மூட்டினார்கள். முகம் வெந்தது, முதுகு விறைத்தது. அறை முழுக்கப் புகை. குழந்தைகள் இருமிக்கொண்டே கார் ஷெட்டுக்கு ஓடிவிட்டார்கள். விடிவதற்குள் ஒரு கட்டு விறகு காலி. அறை மட்டும் சூடாகவே இல்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திறந்த கணப்பு என்பது பார்க்க அழகான மோசடி. விறகில் இருக்கிற சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் அறைக்கு வரும். மிச்சம் புகைபோக்கி வழியாக வானத்துக்கு. அதோடு விடுவதில்லை, அறையில் ஏற்கெனவே இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். அதனால்தான் முதுகு விறைக்கிறது.

இப்படித்தான் நீலகிரியின் காடும் எரிந்தது. 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு ஊரே ஏறி வந்தது. வீட்டுக்கு வீடு கணப்பு. விறகுக்குச் சோலைக்காட்டை வெட்டினார்கள். சோலை குறைந்ததும், விறகுக்கென்றே ஆஸ்திரேலியாவில் இருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டு வந்து நட்டார்கள். இன்றைக்கு ஊட்டிக்குப் போகிற நாம், 'ஆஹா, என்ன மணம்!' என்று மூச்சை இழுத்து ரசிக்கிறோமே, அந்தக் கற்பூர மரக் காடு ஒரு காலத்தில் பலருடைய குளிருக்காகப் போட்ட விறகுத் தோட்டம்.

இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வுதான் நண்பன் வாங்கப் போன சாமான். 'இன்செர்ட்' என்கிறார்கள். வார்ப்பிரும்பிலோ எஃகிலோ செய்த ஒரு பெட்டி. பழைய கணப்பின் வாய்க்குள் அப்படியே சொருகிவிட வேண்டியது. முன்னால் சூடு தாங்கும் கண்ணாடிக் கதவு. உள்ளே வரும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி. புகையில் எரியாமல் தப்பிக்கும் வாயுவை மேலே இருந்து வரும் இன்னொரு காற்று சந்தித்து எரித்துவிடும். பெட்டியில் இருந்து கூரை வரைக்கும் பழைய புகைபோக்கிக்குள்ளேயே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறங்கும். விறகின் சூட்டில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு அறைக்கே கிடைக்கும். விறகும் மிச்சம், புகையும் குறைச்சல்.

ஞாயிற்றுக்கிழமை வந்த விற்பனைக்காரர், எடுத்த எடுப்பில் 12 கிலோவாட் மாடலைக் காட்டினார். "சார் ரேஞ்சுக்கு இதுதான் சரியா இருக்கும்."

நண்பன் முகம் மலர்ந்தது. நான் பேப்பரை எடுத்தேன். கூடம் 16 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. 2,240 கன அடி. சுமாராக 63 கன மீட்டர். பத்துப் பதினாலு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் நாலரையில் இருந்து ஆறேகால் கிலோவாட். பன்னிரண்டு எதற்கு?

"பெரிசா இருந்தா என்ன மாப்ள? வேணுங்கறப்போ கொறைச்சு வெச்சுக்கலாமே?"

நியாயமான கேள்விதான். நாம் எல்லோருமே பிரிட்ஜில் இருந்து பிளாட் வரைக்கும் இப்படித்தானே வாங்குகிறோம்! ஆனால், நெருப்பு அப்படி ஒத்துழைக்காது. சின்ன அறையில் பெரிய அடுப்பு எரிந்தால் பத்து நிமிஷத்தில் சட்டையைக் கழற்ற வேண்டி வரும். உடனே காற்றைக் குறைப்பீர்கள். காற்று குறைந்தால் விறகு எரியாது, புழுங்கும். புழுங்குகிற விறகுதான் அதிகம் புகையும். அந்தப் புகை குழாயின் உள்சுவரில் தார் மாதிரிப் படியும். என்றைக்காவது ஒரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். தேவைக்கு மேல் வாங்கியதன் வினை, உங்கள் கூரைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

விற்பனைக்காரர் நல்ல மனிதர். கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்ப அஞ்சு கிலோவாட் போதுங்க" என்று அவரே இறங்கி வந்தார். அறைக்கு வெளிக்காற்று வர ஒரு துளை வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேண்டும், வருஷம் ஒரு முறை குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கிற விறகைத்தான் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலை ஊர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது.

எல்லாம் முடிந்தது. விலை மூன்று லட்சத்துக்கு மேல். நண்பன் செக்புக்கை எடுக்க எழுந்தான்.

அப்போதுதான், இவ்வளவு நேரமும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஏஞ்சாமி, இதுல வர்ற பொகை எங்க போவும்?"

"மேல போயிரும்மா. ரூமுக்குள்ள ஒரு துளி வராது."

"மேலன்னா?"

"மேலதாம்மா... கூரைக்கு மேல."

"அங்க ஆரு இருக்கறாங்க?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் விற்பனைக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கேட்லாக்கைப் பார்த்தார்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. ஆனால், நுரையீரல் பழுது. தினமும் இரண்டு வேளை இன்ஹேலர். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட கேள்வி, "எத்தனை வருஷம் விறகடுப்பு?" நாற்பது வருஷம். பருத்திமார், வேலமுள், தென்னைமட்டை, பற்றவைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட். பத்துக்கு எட்டு சமையல்கட்டு. ஜன்னல் கிடையாது. ஓட்டுச் சந்துதான் புகைபோக்கி. நடுவில் ஒரு முறை யாரோ வந்து குழாய் வைத்த 'புகையில்லா அடுப்பு' போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஜோராக வேலை செய்தது. குழாயில் கரி அடைத்துக்கொண்டது. அதைக் குத்தி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவருக்கும் தெரியவில்லை. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையபடி ஊதாங்குழலை எடுத்துக்கொண்டார்.

இப்படி வீட்டுக்குள் சுவாசிக்கும் அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அது ஒரு எண். இந்த அம்மாவுக்கு அது மாடிப்படி ஏற முடியாத மூச்சு. அதனால்தான், நாங்கள் மூன்று ஆண்கள் இரண்டு மணி நேரமாகச் சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவர் மட்டும் புகையைப் பற்றி யோசித்திருக்கிறார்.

அடுத்த வாரம் கோத்தகிரி போனோம். அம்மாவும் வந்தார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே காது அடைத்தது. பங்களா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கூரை, அதன் மேல் புகைபோக்கி. அதற்கு மேல்..?

வானம் இல்லை. சரிவு. தேயிலைச் செடிகள். அதற்கு நடுவில் நாலு குடும்பம் இருக்கிற ஒரு லைன் வீடு. எங்கள் புகைபோக்கியின் வாய் சரியாக அந்த வீட்டின் வாசல்படி உயரத்துக்கு வந்து முடிகிறது!

நண்பன் எத்தனையோ முறை வந்து தங்கிய வீடுதான். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்து போட்டோ எடுத்திருக்கிறான். ஒரு முறைகூடத் திரும்பி நின்று மேலே பார்த்தது கிடையாது. ரசிக்கிற காட்சி கீழே இருந்தால், நம் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

"புகைபோக்கியை உசத்திக் கட்டிரலாம்" என்றான். அதற்கும் விதி இருக்கிறது. கூரையை விட்டு வெளியே வருகிற இடத்தில் இருந்து மூன்று அடி உயரம் வேண்டும். பத்தடி சுற்றளவில் இருக்கிற எதையும்விட இரண்டடி உசத்தியாக இருக்க வேண்டும். ஆனால், கவனியுங்கள். அந்த விதி நம் வீட்டுப் புகை திரும்பி நம் வீட்டுக்குள் வராமல் இருக்கவும், நம் கூரை பற்றிக்கொள்ளாமல் இருக்கவும் போட்ட விதி. நாற்பதடி தள்ளி, சரிவில் மேலே இருக்கிறவர்கள் அந்தச் சூத்திரத்துக்குள் வரவே மாட்டார்கள். விதிப்படி நாம் சரி. விதிக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் இருமல்.

இதை உலகமே ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் இறங்கி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிறகு சட்டங்கள் வந்தன. மின் நிலையங்களின் புகைபோக்கிகளை உயர உயரக் கட்டினார்கள். உள்ளூரில் காற்று தெளிந்தது. உயரத்தில் விட்ட கந்தகப் புகையின் ஒரு பங்கு கடல் தாண்டிப் போய், நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாக இறங்கியது. அங்கே ஏரிகளில் மீன்கள் செத்தன. நாடுகள் உட்கார்ந்து பேசி, எல்லை தாண்டும் காற்று மாசுக்கு ஜெனீவாவில் ஒப்பந்தம் போட 1979 வரை ஆனது. குழாயை உயர்த்தினால் புகை ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். முகவரிதான் மாறியது.

லண்டன் வரைக்கும் போவானேன்? எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு.

காலேஜ் படிக்கும்போது சாயங்கால நேரத்தில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதினேன். 2000-ம் ஆண்டு வாக்கில். நீளமான லெட்ஜர். சாயம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம், தண்ணீர் லாரி ஒரு பக்கம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது வணிகவியலின் பாலபாடம். மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு பைசா பிசகாமல் நேர் ஆகும்போது எனக்கு ஒரு பெருமை வரும் பாருங்கள்!

தண்ணீர் உள்ளே வந்ததற்குக் கணக்கு இருந்தது. அது சிவப்பாகவும் நீலமாகவும் வெளியே போனதற்கு என் லெட்ஜரில் பக்கமே இல்லை. முதலாளி மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அது 'போய்விட்டது', அவ்வளவுதான்.

எங்கே போனது? நொய்யலுக்கு. அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணைக்கு. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அணை. சில வருஷங்களிலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. அணை கட்டினால் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் போராடுவதுதான் உலக வழக்கம். திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் போராடிய அணை அது. கிணறுகள் உப்பாகின. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நான் நேர் செய்து கையெழுத்து வாங்கிய ஐந்தொகையின் விடுபட்ட பக்கத்தை, கீழே இருந்த விவசாயி தன் கிணற்றில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதன் பிறகு திருப்பூர் திருந்தியது, உண்மை. ஒரு சொட்டுச் சாயக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற ஏற்பாட்டைப் பெரும் செலவில் செய்து காட்டியது. கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால், ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்குப் பல இடங்களில் விறகுதான். தண்ணீர்ப் பக்கத்தில் எழுத வேண்டியதில் கொஞ்சத்தைப் புகைப் பக்கத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறோம். குறை சொல்லவில்லை. கணக்கு இன்னும் முடியவில்லை என்கிறேன்.

கோத்தகிரிக்குத் திரும்புவோம்.

லைன் வீட்டுக்கு ஏறிப் போனோம். அம்மா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வாசலில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தார். நண்பன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க அடுப்புப் புகையிலயே பொழுதன்னிக்கும் கெடக்கறோம். உங்க புகையா எங்கள என்ன பண்ணப் போவுது? நீங்க பாட்டுக்கு எரிங்க சார்."

உள்ளே காஸ் சிலிண்டர் இருந்தது. டீ போட, விருந்தாளி வந்தால் சமைக்க. தினப்படி சோறு விறகில்தான். சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்க ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் புரட்ட வேண்டுமே!

இறங்கி வரும்போது நண்பன் முகத்தில் பெரிய நிம்மதி. "பாத்தியா மாப்ள? அவங்களே சொல்லிட்டாங்க. அவங்க அடுப்புல வர்ற புகைல பத்துல ஒரு பங்கு கூட நம்ம அடுப்புல வராது."

எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. சம்பந்தப்பட்டவர் சம்மதித்துவிட்டார். அளவும் குறைவு. இதற்கு மேல் என்ன?

அம்மாதான் சொன்னார். "அவ பொகை சோத்துக்கு சாமி. உன் பொகை சொகத்துக்கு. ரெண்டையும் ஒரே தராசுல வெக்காத."

நான் இதைப் பல நாள் யோசித்தேன். நாம் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் மூன்று சமாதானங்கள் இருக்கின்றன. ஒன்று, 'என் ஒருத்தன் புகையால் என்ன ஆகிவிடும்?' சாயப்பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் சொன்னதும் ஓரளவு சரி. சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆறு செத்தது. இரண்டு, 'அவர்களே நிறையப் புகை விடுகிறார்கள்.' ஏற்கெனவே நனைந்தவன் மேல் இன்னொரு குடம் ஊற்றலாம் என்கிற வாதம் அது. மூன்று, 'அவர்களே சம்மதித்துவிட்டார்கள்.' வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் இல்லாதவர் சொல்லும் 'பரவாயில்லை'க்கு என்ன பொருள்? பங்களாக்காரர் வந்து வாசலில் நின்று கேட்டால், அந்தப் பெண் வேறு என்ன சொல்லியிருப்பார்?

'அப்போ நெருப்பே மூட்டக் கூடாதா? போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?' என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வளவு பெரிய சாமியார் இல்லை. போன டிசம்பரில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நானும் காலை நீட்டி உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

புகை இல்லாத வாழ்க்கை யாருக்கும் கிடையாது. சுகப்படுவதும் பாவம் இல்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. 'உங்கள் கண்ணில் படாது' என்பதற்காக மட்டும் ஒரு சாமானுக்கு மூன்று லட்சம் கொடுக்கிறோமே, கண்ணில் படாததை இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் தவறு. சுகம் வேண்டுமா, அனுபவியுங்கள். ஆனால், குழாயின் இந்த முனையில் உட்காருகிறவருக்கு, மறுமுனையில் போய் நின்று பார்க்கிற கடமையும் உண்டு.

காந்தியோடு வேலை செய்த ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். கிராமப் பொருளாதாரம் பேசியவர் என்றுதான் அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம். அடிப்படையில் அவர் ஒரு ஆடிட்டர்! ஒரு பொருளின் விலைச்சீட்டில் எழுதாத செலவை யார் சுமக்கிறார் என்று கேட்டது அந்தத் தணிக்கைக்காரப் புத்திதான் என்று எனக்குத் தோன்றும். பி.காம். படித்த எங்களுக்கு அந்தக் கேள்வி பாடத்தில் வரவில்லை. அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து கேட்க வேண்டியிருந்தது.

நண்பன் என்ன செய்தான்? ஐந்து கிலோவாட் பெட்டியைத்தான் வாங்கினான். ஆனால், அந்தக் குளிர்காலம் அதை எரிக்கவில்லை. விறகு காயவில்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கும். அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவாகும், மிச்சம் புகையாகும். இங்கிலாந்தில் 2021-ல் இருந்து ஈர விறகைச் சில்லறையில் விற்கவே கட்டுப்பாடு வந்துவிட்டது. ஜெர்மனியில் பழைய ரக அடுப்புகளுக்கு 2024 கடைசி வரைதான் கெடு கொடுத்தார்கள். நண்பன் ஆசைப்பட்ட அந்த பையர் வீட்டு அடுப்புகூட அதில் மாட்டியிருக்கலாம்! நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். மேலே தகரம், பக்கம் திறப்பு என்று ஒரு கொட்டகை போட்டு, சீகை விறகைப் பிளந்து அடுக்கி, ஒரு வருஷம் காத்திருந்தான். ஏற்றுமதி ஆர்டருக்கு ஒரு நாள் தாமதம் பொறுக்காதவன், விறகுக்கு ஒரு வருஷம் பொறுத்தான்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். பனிமூட்டம் இறங்கி, காற்று அசையாமல் நிற்கிற நாளில் மூட்டுவதில்லை. புகை மேலே போகாமல் சரிவிலேயே படுத்துக்கொள்ளும் என்பதால். மூட்டுகிற நாளில், நெருப்பு நன்றாகப் பிடித்ததும், லைன் வீட்டு வாசல் வரைக்கும் ஏறிப் போய் ஐந்து நிமிஷம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறான். அந்த நாலு குடும்பத்துக்கும் சமையல்கட்டில் புகைபோக்கி வைக்கச் செலவை ஏற்றுக்கொண்டான். கூடவே, அம்மாவின் கட்டளைப்படி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழாயைக் குத்திச் சுத்தம் செய்யவும் ஆள் ஏற்பாடு.

இதனால் கணக்கு நேராகிவிட்டதா? இல்லை. அந்தப் புகைபோக்கிகளும் புகையை வெளியேதான் தள்ளுகின்றன. அதற்கும் மேலே இன்னொரு சரிவு, இன்னொரு வீடு இருக்கும். ஆனால், இத்தனை நாள் இல்லாத ஒரு பக்கத்தை லெட்ஜரில் திறந்திருக்கிறான். திறந்த பக்கத்தில்தானே எழுத முடியும்?

உங்கள் வீட்டில் கணப்பு இருக்காது. தெரியும். ஏ.சி. இருக்கிறதா? வெயில் காலத்தில் உங்கள் படுக்கையறையில் இருந்து உறிஞ்சிய சூட்டை ராத்திரி முழுக்க வெளியே ஊதித் தள்ளுகிறதே ஒரு பெட்டி, அது யாருடைய ஜன்னலைப் பார்த்து நிற்கிறது? சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் எந்த மாடிப்படியில் போய்த் திறக்கிறது? கரன்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் உங்கள் வாட்ச்மேனா?

இன்றைக்கு ராத்திரி ஏ.சி.யைப் போட்ட பிறகு, ஒரு ஐந்து நிமிஷம் வெளியே போய் அந்தப் பெட்டிக்கு எதிரில் நின்று பாருங்கள். அணைக்கச் சொல்லவில்லை. நின்று மட்டும் பாருங்கள்.